கீழ் வரிசையைக் காலி செய்த ஞாயிற்றுக்கிழமை

புதிதாகச் சேர்ந்தவர்களில் நாலைந்து பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள். "இந்த வயசுல உங்களுக்கு எதுக்கும்மா கேம்ப் வேலை?" கேட்ட குரலில் இரக்கம் தெரிந்தது. முதலில் அந்த இரக்கத்தைப் போக்கிவிடுகிறேன். பிறகு, இந்த வேலையில் நான் கற்றுக்கொண்ட ஒன்றிரண்டைச் சொல்கிறேன். டென்ட் அடிப்பதும் தண்ணீர்க் குழாய் மாட்டுவதும் ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிடும். அதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

நான் குவைத்தில், ஃபஹாஹீலில் நர்ஸாக இருந்தவள். என் வீட்டுக்காரர் சவூதியில், யான்புவில் ஒரு ரிஃபைனரியில் ஷிஃப்ட் பார்த்தவர். எங்கள் மகள் தூத்துக்குடியில் என் அக்கா வீட்டில் வளர்ந்தாள். படித்து முடித்து அபுதாபிக்கு வேலைக்கு வந்து, அவளுக்குக் கல்யாணமும் ஆகும்வரை நாங்கள் இருவரும் ஒரு கூரையின் கீழ் இருந்ததெல்லாம் வருட லீவில்தான். அந்த லீவும் பல வருடம் ஒன்றாக அமையாது. அவர் ஊரில் இறங்கும்போது நான் பெட்டி கட்டிக்கொண்டிருப்பேன். மற்ற நாளெல்லாம் போன்தான். "சாப்பிட்டியா, டூட்டி எப்போ, கால்வலி எப்படி." அவ்வளவுதான் பேச்சு.

ஓய்வு பெற்று மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது எங்கள் இருவருக்கும் ஒருவரை ஒருவர் சரியாகத் தெரியவில்லை. டீயில் அவருக்குச் சர்க்கரை எவ்வளவு என்று மகளிடம் கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை. ஒரே ஃபிளாட்டில் இரண்டு விருந்தாளிகள் போல ஆளுக்கொரு சோபாவில் உட்கார்ந்திருந்தோம்.

ஒருநாள் மருமகனின் காரை ரிப்பேருக்கு விட, ஒர்க்‌ஷாப்புகள் நிறைந்த முசஃபாவுக்குப் போனவர், முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பி வந்தார்.

"ஏளா, ஒரு வீடு பாத்துட்டு வாரேன்."

"வீடா? இங்கயா? எத்தனை ரூம்?"

"ரூமெல்லாம் கெடையாது. சக்கரம் உண்டு."

அவர் வேடிக்கையாகப் பேசுவார் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். ஒரு ஒர்க்‌ஷாப்பின் பின்னால் தூசி படிந்து நின்ற பழைய கேரவன் அது. வண்டிக்குப் பின்னால் கோத்து இழுத்துப் போகிற வீடு. உள்ளே ஒரு கட்டில், ஒரு அடுப்பு, மடக்கு மேசை. அதையும் அதை இழுக்க ஒரு பழைய பிக்கப்பையும் வாங்கி, இரண்டு மாதம் தட்டி ஒட்டி வர்ணம் அடித்தார். குளிர்காலம் வந்ததும் ராஸ் அல் கைமா மலையடியில் இந்தக் கேம்ப்பில் சீசன் முழுக்கத் தங்கி வேலை பார்க்க, சொந்தக் கேரவனோடு ஒரு தம்பதி தேவை என்று கேள்விப்பட்டோம். வேலைக்கு அனுமதி எல்லாம் அவர்களே எடுத்துத் தந்தார்கள். அக்டோபரில் வந்து வெயில் ஏறும்போது கிளம்பிவிட வேண்டியது.

அதனால்தான் சொல்கிறேன், இரக்கப்படாதீர்கள். ஒரு ஆள் எழுந்து நின்றால் இன்னொரு ஆள் உட்கார வேண்டிய அந்தச் சின்ன வண்டியில்தான் நாங்கள் குடும்பம் நடத்தவே கற்றோம். முதல் மாதம் முழுக்க இடித்துக்கொண்டோம். இரண்டாவது மாதத்தில் இடிக்காமல் நடக்கத் தெரிந்தது. அதற்குப் பிறகு வேண்டுமென்றே இடித்துக்கொண்டோம்.

இனி வேலை.

எங்களுக்கு வேலை கற்றுத் தந்தவள் எங்கள் மகளைவிடச் சின்னவள். இந்தக் கேம்ப்பின் மேனேஜராக அப்போது இருந்தாள், இப்போதும் இருக்கிறாள். இலங்கையில் ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். பெயர் எழுதக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள், அதனால் எழுதவில்லை.

வந்த முதல் வார இறுதி. முசஃபாவிலிருந்து ஒரு மினி பஸ்ஸில் நம் பையன்கள் வந்திருந்தார்கள். ராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கம். வெல்டர்கள், மெக்கானிக்குகள். சேர்ந்து காசு போட்டு ஒரு நாள் வெளியே வந்தவர்கள். பொழுது சாய்ந்ததும் தண்ணீர் கேனைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டிப் பாட ஆரம்பித்தார்கள். பக்கத்தில் இருந்த குடும்பங்கள் முகம் சுளித்தன. என் வீட்டுக்காரர் கேம்ப்பில் கொடுத்த ஆரஞ்சு நிறச் சட்டையை மாட்டிக்கொண்டு போனார்.

"சத்தம் போடக் கூடாது. நிறுத்துங்க. ரூல்ஸ் இருக்கு."

பாட்டு நின்றது. ஒரு பையன் மெதுவாகச் சொன்னான். "சரிங்கய்யா. ரூம்லயும் இதேதான் சொல்றாங்க, சைட்லயும் இதேதான் சொல்றாங்க." அவர்கள் கேனை ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். இவர் திரும்பி வந்தபோது வேலையைச் சரியாகச் செய்த முகம் இல்லை.

மேனேஜர் எங்கிருந்தோ பார்த்திருக்கிறாள். நேராக அந்தப் பையன்களிடம் போனாள்.

"தம்பிமார், மேல திடல்ல பெரிசா நெருப்பு போடுறோம். வந்து அங்க பாட்டுப் படிங்க. இங்க இருந்து படிச்சா பாதிப் பேருக்குத்தானே கேக்குது?"

பையன்கள் கேனோடு மேலே ஓடினார்கள். சற்று நேரத்தில், முகம் சுளித்த குடும்பங்களும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தன. அவள் என் பக்கம் வந்து சொன்னாள்:

"அன்ட்டி, 'இங்க இருக்காதீங்க'ன்னு சொன்னா ஆக்களுக்குக் கோபம்தான் வரும். 'அங்க வாங்க'ன்னு சொல்லிப் பாருங்க."

அந்தப் பையன்கள் அதற்குப் பிறகு மாதம் ஒருமுறை வந்துகொண்டிருந்தார்கள்.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமை. கேம்ப்பின் அமைப்பு உங்களுக்குத் தெரியும். மேலே திடல். கீழே வாதியின் கரையை ஒட்டி ஒரு வரிசை. வாதி என்றால் மழை பெய்தால் மட்டும் ஓடும் ஆற்றுத்தடம். மற்ற நாளில் வெள்ளைக் கூழாங்கல்லும் இலந்தை மர நிழலுமாகக் கிடக்கும். அதனால் எல்லோரும் கீழ் வரிசையைத்தான் கேட்பார்கள். எங்கள் கேரவனும் அப்போது அங்கேதான் நின்றது. கீழிருந்து மேலே வர ஒரே ஒரு சரிவுப் பாதை, ஒரு வண்டி போகும் அகலம்.

பள்ளிக்கூட விடுமுறை நேரம். கீழே குடும்பங்கள் நிறைந்திருந்தன. முசஃபா பையன்களும் முந்தின நாள் மாலையே வந்துவிட்டார்கள். மேனேஜர் காலையில் கேஸ் சிலிண்டர் எடுத்துவர டவுனுக்குப் போயிருந்தாள். சாப்பாட்டு நேரம் தாண்டியபோது எல்லோருடைய போனும் ஒரே சமயத்தில் அலறியது. கனமழை எச்சரிக்கை, வாதிகளை விட்டு விலகுங்கள் என்று அரபியிலும் ஆங்கிலத்திலும். எல்லோரும் அலாரத்தை அமர்த்துவதுபோல் அமர்த்திவிட்டுத் தட்டில் கை வைத்தார்கள். காரணம், தலைக்கு மேல் வானம் நீலமாக இருந்தது. வெயில் அடித்தது. மலைக்குப் பின்னால் மட்டும் ஒரு கரும் விளிம்பு.

மேனேஜரிடமிருந்து போன் வந்தது.

"அன்ட்டி, போலீஸ் ரோட்டை மறிச்சிட்டாங்க. என்னால வர ஏலாது. மலைக்கு அங்கால கொட்டுதாம். கீழ் வரிசையில ஒருத்தரும் இருக்கக் கூடாது. நீங்களும் அங்கிளும் பாத்துச் செய்ங்க."

"எவ்வளவு நேரம் இருக்கு?"

"தெரியாது அன்ட்டி. யாருக்கும் தெரியாது."

என் வீட்டுக்காரர் விசிலை ஊதிக்கொண்டு வரிசை நெடுக ஓடினார். "எமர்ஜென்சி! எல்லாரும் மேல போங்க! யல்லா, யல்லா!" ஒரு குழந்தை, இது என்ன விளையாட்டு என்று அவரிடமே ஆங்கிலத்தில் கேட்டது. சிலர் எழுந்தார்கள். எழுந்தவர்கள் மேலே போகவில்லை. பாயை மடித்தார்கள், அடுப்பைக் கழுவினார்கள், செருப்பைத் தேடினார்கள். வார்டில் இதை நான் பார்த்திருக்கிறேன். ஆபத்து என்று சொன்னால் மனிதன் முதலில் தன் பொருளைத்தான் கட்டிப்பிடிக்கிறான்.

கேரவனில் வந்திருந்த கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் நாற்காலியிலிருந்து அசையவே இல்லை. துபாயில் கடை வைத்திருப்பவர். மனைவி, இரண்டு பிள்ளைகள், ஒரு தம்பி.

"ஏனுங்க, மேல பாருங்க. மழைங்களா இது? சூரியன் கண்ணைக் குத்துது. தம்பி ஜீப்பை எடுத்துட்டுக் கறி வாங்கப் போயிருக்கான். அவன் வரட்டும், பாக்கலாமுங்க."

என் வீட்டுக்காரருக்குக் கோபம் தலைக்கேறியது. நான் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு முசஃபா பையன்களிடம் போனேன்.

"தம்பிகளா, கேனைத் தூக்குங்க. மேல திடலுக்குப் போய் உங்களால எவ்வளவு சத்தமா அடிக்க முடியுமோ அடிங்க. நிறுத்தக் கூடாது. யார் சொன்னாலும் நிறுத்தக் கூடாது."

அந்தப் பையன்களிடம் அதற்கு முன் யாரும் இப்படிக் கேட்டதில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு கேன், தட்டு, சட்டி, கிடைத்ததை எல்லாம் தூக்கிக்கொண்டு சரிவில் ஏறினார்கள். மேலே போய் அடித்தார்கள் பாருங்கள், மலை திருப்பி அடித்தது. வழியில் பார்த்த பிள்ளைகளை எல்லாம் நான் உசுப்பினேன். "மேல பாட்டு! ஆடுறவங்களுக்கு மிட்டாய்!" பிள்ளைகள் ஓடின. பிள்ளைகள் பின்னால் தாய்மார். கோயம்புத்தூர்க்காரரின் இரண்டு பிள்ளைகளும் ஓடிவிட்டன, மனைவியும் பின்னால் போனார். கீழே ஆண்களும் வண்டிகளும் மிச்சம்.

வண்டி கீழே நிற்கும்வரை அதன் சொந்தக்காரன் கீழேதான் நிற்பான். இதை நீங்கள் மறக்கவே கூடாது. கார்கள் ஒவ்வொன்றாகச் சரிவில் ஏறத் தொடங்கின. பாதியில் வரிசை நின்றுவிட்டது. கோயம்புத்தூர்க்காரர் காலையில் நிழலுக்காகத் தன் பெரிய கேரவனை நகர்த்தி, சரிவு தொடங்கும் இடத்தில் பாதி வழியை அடைத்து நிறுத்தியிருந்தார். சின்னக் கார்கள் ஒடுங்கி நுழைந்து ஏறிவிட்டன. பையன்களின் மினி பஸ்ஸும் இரண்டு பெரிய ஜீப்பும் நுழைய முடியவில்லை. மினி பஸ் டிரைவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். "நான் இறங்க மாட்டேன்மா. வண்டி போச்சுன்னா என் வேலை போச்சு."

நான் திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் எங்கள் பிக்கப்பில் எங்கள் கேரவனைக் கோத்து முடித்திருந்தார். எங்களிடம் இருந்த ஒரே வீடு. கேரவனைக் கோத்து இழுக்கும் கொக்கி உள்ள வண்டி கேம்ப்பில் வேறு இல்லை; பிக்கப் தனியாக என்றால் அந்த இடுக்கில் நுழைந்துவிடும்.

"கழட்டுங்க" என்றேன்.

"என்னளா?"

"நம்மளதக் கழட்டுங்க. அத இழுங்க." சரிவில் நின்ற பெரிய கேரவனைக் காட்டினேன். "அது நகரலைன்னா மூணு வண்டி கீழ நிக்கும். மூணு வண்டி நின்னா மூணு டிரைவரும் நிப்பாங்க."

அவர் எங்கள் கேரவனைப் பார்த்தார். அவர் கையால் அடித்த பச்சை வர்ணம். பிறகு என்னைப் பார்த்தார். குனிந்து கொக்கியைக் கழற்றினார். ரிஃபைனரியில் அவர் எப்படி வேலை பார்த்திருப்பார் என்று எனக்கு அந்த நிமிடத்தில்தான் தெரிந்தது. என்ன சொல்கிறார்கள் என்று புரிந்துவிட்டால் கை தயங்காது.

கோயம்புத்தூர்க்காரர் ஓடி வந்தார். "என்ற வண்டியை எங்கீங்க இழுக்கறீங்க? தம்பி வரட்டும்னு சொன்னேனுங்களே!"

நான் அவரை அங்கே போகாதே, இங்கே நிற்காதே என்று ஒன்றும் சொல்லவில்லை. "உங்க வண்டி அகலம் எங்க வீட்டுக்காரருக்குத் தெரியாது, பாறையில உரசிடும். நீங்க முன்னால நடந்து வழி காட்டுங்க" என்றேன். தன் வண்டி உரசிவிடும் என்றதும் மனிதர் முன்னால் ஓடினார். கையை ஆட்டி ஆட்டி, "லெஃப்டுங்க, இன்னுங் கொஞ்சம் லெஃப்டுங்க, கலாஸ், கலாஸ்" என்று வண்டியைப் பார்த்தபடி பின்பக்கமாகவே நடந்து மேல்திடல்வரை போய்விட்டார். வழி திறந்தது. மினி பஸ் ஏறியது. ஜீப்புகள் ஏறின. நான் வரிசையின் கடைசிக் கூடாரம்வரை போய் ஒவ்வொன்றிலும் தலையை விட்டுப் பார்த்தேன். யாருமில்லை.

இவர் பிக்கப்பைத் திருப்பிக்கொண்டு கீழே வர எத்தனித்தபோது சத்தம் கேட்டது. லாரியிலிருந்து ஜல்லி கொட்டுவதுபோல், ஆனால் நிற்காத சத்தம். நான் சரிவின் பாதியில் இருந்தேன். இரண்டு கைகளையும் தூக்கி அவரைத் தடுத்தேன். அவர் பிரேக் போட்டார். வாதியின் வளைவில் தண்ணீர் வந்தது. பழுப்பு நிறம், முன்னால் முள்ளும் கிளையும் பிளாஸ்டிக்கும் உருண்டு வந்தன. மேலே நாங்கள் நின்ற இடத்தில் ஒரு துளி மழை இல்லை.

பையன்கள் அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். எல்லோரும் விளிம்பில் நின்று பார்த்தோம். எங்கள் கேரவன் முதலில் அசையாமல் நின்றது. பிறகு சாவகாசமாகத் திரும்பி, கொஞ்ச தூரம் மிதந்து, இலந்தை மரத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றுவிட்டது. திறந்து கிடந்த கதவு வழியாக இட்லி மாவுப் பாத்திரம் வெளியே வந்து மிதந்து போனது. நாளைக் காலைக்கு என்ன பலகாரம் செய்வது என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. வீடு போய்விட்டதே என்று அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. மேல்திடலில் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தேன், எல்லாத் தலையும் இருந்தது; கறி வாங்கப் போன தம்பியும் டவுனில் பத்திரமாக இருப்பதாகப் போன் வந்திருந்தது. அந்தச் சந்தோஷத்தில் வேறெதற்கும் இடமில்லை.

கோயம்புத்தூர்க்காரர் என் பக்கத்தில் வந்து நின்றார். "அந்தப் பச்சை வண்டி யாருதுங்க? பாவம்."

"எங்களதுதான்" என்றேன்.

அவர் தன் கேரவனைப் பார்த்தார், கீழே பார்த்தார். "என்ற வண்டிய இழுக்கறதுக்குங்களா?" என்றார். பிறகு முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார்.

வந்த வேகத்தில் வெள்ளம் வடிந்தது. வெளிச்சம் இருக்கும்போதே வாதியில் முழங்கால் அளவுதான் தண்ணீர். முசஃபா பையன்கள் கேட்காமலே இறங்கினார்கள். "நாங்க நாள் முழுக்க இதைத்தானம்மா செய்யிறோம்" என்று கயிறு கட்டி, ஒருவன் குரல் கொடுக்க மற்றவர்கள் இழுக்க, சேறு வழிந்த எங்கள் வீட்டைக் கரையேற்றினார்கள். சாலை மூடியிருந்ததால் யாரும் வீடு திரும்ப முடியாது. பையன்கள் முசஃபாவில் தங்கள் லேபர் கேம்ப் பாஸுக்குப் போன் போட்டு, "ரோடு பந்த் பாய், கல் டூட்டி நஹி" என்று, நாளைக்கு வேலைக்கு வர முடியாததை இந்தியில் சொன்னபோது அவர்கள் முகத்தில் இருந்த ஆனந்தத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மழை கொடுத்த லீவு. அன்று மாலை எல்லாக் குடும்பங்களின் சமையலும் ஒன்றாகச் சேர்ந்தது. நான் பார்த்த எந்தக் கல்யாணத்திலும் அப்படி ஒரு பந்தி இல்லை.

சாப்பாடு முடிந்ததும் கோயம்புத்தூர்க்காரர் தன் கேரவன் சாவியை என் வீட்டுக்காரர் கையில் வைத்தார். "நீங்க ரெண்டு பேரும் இதுல படுங்க. நாங்க டென்ட்ல படுத்துக்கறோம். வேண்டாம்னு மட்டும் சொல்லிப்போடாதீங்க." மறுத்தால் அவர் வருந்துவார் என்று தெரிந்தது. வாங்கிக்கொண்டோம். உள்ளே ஏசி, டிவி, நாலு பேர் உருளக்கூடிய கட்டில்.

காலையில் அவர் மனைவி டீ கொண்டு வந்து, "நல்லாத் தூங்குனீங்களா?" என்று கேட்டார். நான் மரியாதைக்கு, ரொம்ப நன்றாக என்றேன். என் வீட்டுக்காரர் மரியாதை பார்க்கவில்லை.

"கட்டிலு ரொம்பப் பெருசும்மா. முழிச்சுப் பாத்தா இவ குவைத்ல கெடக்கா, நான் சவூதில கெடக்கேன்."

அந்தப் பெண்ணுக்கு விஷயம் புரியவில்லை. நான் சிரித்த சிரிப்பில் டீ கொட்டிவிட்டது.

அதற்குள் எங்கள் கேரவனைச் சுற்றி ஒரு கூட்டம். மெத்தையை ஒருவர் கல்லில் காயப் போட்டிருந்தார். பையன்கள் தரைப் பலகையைப் பெயர்த்துச் சேற்றை வாளி வாளியாக அள்ளினார்கள். கோயம்புத்தூர்க்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்கள் அடுப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

சாலை திறந்து மேனேஜர் வந்து சேர்ந்தாள். வண்டியை அப்படியே நிறுத்திவிட்டு இறங்கி ஓடி வந்தாள். கீழே பாதி மின்கம்பங்கள் சாய்ந்திருந்தன, கழிவறைக் கதவு ஒன்று காணவில்லை, முன்பணம் கட்டியவர்கள் அடுத்த வாரம் வர இருந்தார்கள். அவள் எதையும் பார்க்கவில்லை.

"அன்ட்டி, ஆக்கள்?"

"எல்லாரும் இருக்காங்கம்மா. ஒருத்தருக்கும் கீறல்கூட இல்லை."

நின்ற இடத்திலேயே, சேற்றில், உட்கார்ந்துவிட்டாள். வழியெல்லாம் அடக்கி வைத்திருந்தது அப்போதுதான் கண்ணில் வந்தது. இந்த வேலையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அது ஒன்றுதான். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு கேட்டாலும் பதில் அங்கேயேதான் இருக்கும். அவள் அழுது முடிக்கும்வரை நாங்கள் எல்லோரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சேறு அள்ளினோம்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் எழுந்ததும், என் வீட்டுக்காரர் ஒரு காலி வாளியை அவள் கையில் கொடுத்தார்.

"மேடம், டூட்டிக்கு லேட்டு" என்றார்.